குழந்தையும் கப்பற் பிரயாணமும்

சென்ற கிழமை நமக்கு வந்த கடிதங்களுள் சாய்ந்தமருதிலிருந்து ஓர் இளந்தாய் எழுதிய கடிதம் மூன்று நாட்கள் நம் மேசைமீதே கிடந்தது. முதல் வாசிப்பில், ஒரு பத்தியில் பதில் எழுதி முடிக்கக்கூடிய கேள்வி என்றே நினைத்தோம். இரண்டாம் முறை வாசித்தபோதுதான் அவசரப்பட்டு எழுதலாகாது என்று தோன்றியது.

கேள்வி இதுதான்: "கைக்குழந்தையைக் கப்பலில் அழைத்துச் செல்வதற்கு எந்த வயது நல்லது?"

அவருடைய கணவர் தோஹாவில் தொழில் புரிகிறார். வருகிற டிசம்பரில் மனைவியையும் மகளையும் அங்கே வரவழைத்து, வளைகுடாத் துறைமுகங்களைச் சுற்றிவரும் உல்லாசக் கப்பலொன்றில் ஏழு இரவுகள் அழைத்துச் செல்ல விரும்புகிறார். மகளுக்கு இப்பொழுது 15 மாதம். டிசம்பரில் 18 மாதமாகிவிடும். கணவர் ஆவலோடு இருக்கிறார், மனைவிக்கும் ஆசைதான். வீட்டிலுள்ள உம்மாவுக்கு மட்டும் சம்மதமில்லை. "கடல் நம்மட வாசலிலதானே கிடக்கு, மகள். அதைப் பார்க்கக் காசு கட்டிப் போகணுமா?" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாராம். கடிதத்தின் இறுதியில், பின்குறிப்பைப் போல, இன்னொரு வரி இருந்தது. 2004 ஆம் ஆண்டு டிசம்பர் 26 ஆம் திகதி உம்மாவின் கையிலிருந்து கடல் பறித்துச் சென்ற தங்கைக்கு அப்பொழுது இரண்டு வயதாம்.

அந்த வரிக்குப் பின்னர் வருவோம். முதலில் கேட்ட கேள்விக்குப் பதில் கூறுவோம்.

கைக்குழந்தைகள் கடல் கடப்பது நம்மவர்க்குப் புதிய செய்தியன்று. 1914 ஆம் ஆண்டில் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே புகைவண்டியோடு இணைந்த கப்பற் சேவை தொடங்கிய நாள்முதல், இடுப்பிலும் தோளிலும் மடியிலுமாக எத்தனையோ ஆயிரம் குழந்தைகள் அந்த 22 மைல் கடலைத் தாண்டியிருக்கிறார்கள். தோட்டத் தொழிலுக்கென்று வந்த குடும்பங்கள் மண்டபம் முகாமில் நாட்கணக்கில் தடுத்து வைக்கப்பட்டு, நோய்ப் பரிசோதனையும் ஊசியும் முடிந்த பின்னரே கப்பலேறினர். 1964 ஆம் ஆண்டு டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்த பின்னர் இராமேஸ்வரத்திலிருந்து 'இராமானுஜம்' என்னும் கப்பல் ஓடிற்று. அவ்வாண்டு ஒக்டோபரில் எழுதப்பட்ட சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி நாடு விட்டு அனுப்பப்பட்ட மலையகக் குடும்பங்களின் பிள்ளைகள், தாம் பிறந்த மண்ணைக் கடைசியாகப் பார்த்ததும் அந்தத் தலைமன்னார்த் துறையிலிருந்துதான். அவர்களுள் எவரும் "எத்தனை மாதத்துப் பிள்ளையைக் கொண்டு போகலாம்?" என்று கேட்டிருக்கமாட்டார்கள். போகாமல் நிற்பதற்கு அவர்களுக்கு வழி இருக்கவில்லை. வயதைப் பார்த்துத் தீர்மானிக்கும் வசதி, விரும்பினால் போகலாம் விரும்பாவிட்டால் நிற்கலாம் என்றிருப்போர்க்கே உண்டு.

அந்த வசதி இப்பொழுது நம் பக்கத்துக் குடும்பங்கள் சிலவற்றுக்கும் வந்திருக்கிறது. 2023 ஆம் ஆண்டு ஜூனில் சென்னையிலிருந்து புறப்பட்ட 'எம்பிரஸ்' என்னும் உல்லாசக் கப்பல் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை ஆகிய துறைகளுக்கு வந்தது. அதே ஆண்டு ஒக்டோபர் 14 ஆம் திகதி நாகபட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே 'செரியாபாணி' ஓடத் தொடங்கிற்று. சில நாட்களிலேயே பருவக் காற்றின் காரணமாக நின்றுபோன அச்சேவையை 2024 ஆம் ஆண்டு ஆகஸ்டில் 'சிவகங்கை' மீண்டும் தொடங்கியது. அக்கரை சேர ஏறத்தாழ நான்கு மணித்தியாலம். இவ்விரு வகைப் பிரயாணங்களையும் ஒன்றாக எண்ணிக் குழம்புவோர் பலர். நான்கு மணித்தியாலம் தாயின் மடியில் உறங்கிக் கரையிறங்குவது ஒன்று. ஏழு பகலும் ஏழு இரவும் கடல்மேல் குடித்தனம் நடத்துவது வேறொன்று. நம் சகோதரி கேட்பது இரண்டாவதைப் பற்றி.

உல்லாசக் கப்பல் நிறுவனங்கள் தாமே ஒரு கீழெல்லை வகுத்திருக்கின்றன. பெரும்பாலும் 6 மாதம் நிரம்பாத குழந்தையை அவை ஏற்பதில்லை. நடுச் சமுத்திரத்தில் துறை தொடாமல் பல நாட்கள் செல்லும் நெடும் பிரயாணமாயின் 12 மாதம் என்கின்றன. காரணம் விளங்காததன்று. கப்பலில் வைத்தியர் இருப்பார். சிறியதொரு மருத்துவமனையும் இருக்கும். ஆனால் பச்சைக் குழந்தைக்கு மூச்சு முட்டினாலோ வலிப்புக் கண்டாலோ கரையிலுள்ள குழந்தை வைத்திய நிபுணரின் வார்டு அங்கே இராது. நம் ஊரில் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் முச்சக்கர வண்டியில் ஏற்றிச் சில நிமிடத்தில் வைத்தியசாலை வாசலில் நிற்கலாம். நடுக்கடலில் கப்பல் திரும்ப வேண்டும், அல்லது ஹெலிகொப்டர் வர வேண்டும்.

நம் நாட்டுத் தாய்மார் மேலும் ஒரு கணக்குப் பார்க்க வேண்டும். சின்னமுத்துக்கான எம்.எம்.ஆர். ஊசி இங்கே முதல் முறை 9 மாதத்திலும் இரண்டாம் முறை 3 வயதிலும் போடப்படுகிறது. பல நாட்டினர் ஆயிரக்கணக்கில் ஒரே கூரையின் கீழ் உண்டு உறங்கும் இடத்துக்கு, அந்த முதல் ஊசியும் போடாத குழந்தையைக் கொண்டு செல்வது புத்தியன்று. எனவே நிறுவனம் 6 மாதம் என்றாலும் நம் கணக்கில் கீழெல்லை 9 மாதத்துக்கு மேல்தான்.

கீழெல்லை இது. ஆயின் நல்ல வயது எது? இங்கே நமக்குத் துணையாக வருவோர் கப்பல் நிறுவனத்தாரல்லர். பழைய தமிழ்ப் புலவர்கள்.

பிள்ளைத்தமிழ் பாடியோர் குழந்தையின் வளர்ச்சியைப் பத்துப் பருவங்களாக வகுத்தனர் என்பதை மாணவர்கள் படித்திருப்பார்கள். நபிகள் நாயகத்தின்மீதும் பிள்ளைத்தமிழ் பாடிய இசுலாமியப் புலவர்கள் உளர். ஆகவே இது எந்த ஒரு சமயத்தாருக்கும் தனியுடைமையன்று. மரபாகச் சொல்லும் கணக்கின்படி, மூன்றாம் மாதத்தில் காப்பு; ஐந்தில் தலையெடுத்தாடும் செங்கீரை; ஏழில் தால்; ஒன்பதில் உட்கார்ந்து கைகொட்டும் சப்பாணி; பதினொன்றில் முத்தம்; பதின்மூன்றில் நடந்து வருக என்று அழைக்கும் வாரானை; பதினைந்தில் நிலாவைக் காட்டும் அம்புலி. ஆண்பாற் பிள்ளைத்தமிழாயின் அதன்பின் சிறுபறை முழக்குவதும், சிறுமியர் மணலிற் கட்டிய சிற்றிலைக் காலால் உதைப்பதும், சிறுதேர் இழுத்தோடுவதும் வரும். கடைசிப் பருவம் இருபத்தோராம் மாதம்.

இந்த வரிசையைக் கப்பலின் மேற்றளத்தில் வைத்துப் பாருங்கள். சப்பாணிப் பிள்ளை வைத்த இடத்தில் இருக்கும், கைகொட்டும், தாயின் பாலும் தாயின் மடியும் அதற்குப் போதும். ஊரும் கப்பலும் அதற்கு ஒன்றே. வாரானை வந்துவிட்டதோ, அதன்பின் கதை வேறு. கால் வந்துவிட்டது, அறிவு வரவில்லை. "போகாதே" என்ற சொல் காதில் விழும். அதன் பொருள் மனத்தில் விழாது. பறையைத் தட்டுவதும் வீட்டை உதைப்பதும் தேரை இழுப்பதுமாகப் புலவர்கள் பாடிய அந்தப் பிள்ளைதான், கப்பலின் தனியறை மாடத்திலே நாற்காலியைக் கம்பியோரம் இழுத்துச் சென்று ஏறி நிற்கும் பிள்ளை. கம்பிகளின் இடைவெளியில் குழந்தை நுழையாதவாறு கட்டியிருப்பார்கள் என்பது உண்மை. நாற்காலிமேல் ஏறும் குழந்தையைக் கம்பி தடுக்காது.

அதனால் நாம் ஒளிக்காமல் கூறுகிறோம்: ஒரு வயதிலிருந்து இரண்டரை வயதுவரை உள்ள காலமே ஏழு நாள் கப்பலுக்கு மிகவும் பொருந்தாத காலம். நம் சகோதரியின் மகள் டிசம்பரில் அதன் நட்டநடுவில் இருப்பாள்.

வேறு காரணங்களும் உண்டு. விளம்பரப் படத்தில் குழந்தைகள் நீந்தும் நீல நிறக் குளத்தைப் பார்த்து மயங்குகிறோம். கழிவறைப் பழக்கம் வராத, அரைத்துணி கட்டிய குழந்தையை அந்தக் குளத்தில் பெரும்பாலும் இறக்க விடமாட்டார்கள். சுகாதார விதி அது. பெற்றோரின்றிப் பிள்ளைகளை ஏற்று விளையாட்டுக் காட்டும் சிறுவர் கூடங்களும் பொதுவாக 3 வயது நிரம்பி, கழிவறைப் பழக்கமும் வந்தவர்களையே ஏற்கின்றன. சில கப்பல்களில் சிறு குழந்தைகளுக்குத் தனிக் கூடம் உண்டு. அங்கும் பல நேரங்களில் தாய் உடனிருக்க வேண்டும். ஆகப் பணம் கட்டியவற்றுள் பாதி, 18 மாதப் பிள்ளைக்குப் பூட்டிய கதவு. தாய்க்கு மிஞ்சுவது, ஊரில் செய்த அதே வேலையை அசையும் தரையில் செய்வது.

கடற்குமட்டலைப் பற்றிப் பலரும் அஞ்சுகிறார்கள். இதில் மட்டும் சின்னக் குழந்தைக்கு ஒரு சலுகை. கண் காண்பதும் உட்காதிலுள்ள சமநிலை உறுப்பு உணர்வதும் முரண்படும்போதே குமட்டல் எழுகிறது. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு அது அரிது; அதன்பின் கூடிப் பள்ளிப் பருவத்தில் உச்சம் பெறும். ஆகவே தாய் வாளியருகே தலைசாய்த்துக் கிடக்க, மகள் கட்டிலிலிருந்து குதிக்கலாம்! முன்னெச்சரிக்கையாக என்று பெரியோர் குடிக்கும் மருந்தைக் குழந்தைக்கும் ஒரு கரண்டி ஊட்டும் வழக்கம் சில வீடுகளில் உண்டு. புரோமெதசின் என்னும் மருந்தை இரண்டு வயதுக்குட்பட்டோர்க்குக் கொடுக்கவே கூடாது. மூச்சை அடக்கி உயிருக்கே கேடு செய்யும். இதனை வாசிக்கும் உம்மம்மாமார் தயைகூர்ந்து நினைவிற் கொள்க.

குமட்டலிலும் கொடியது வயிற்றோட்டம். நோரோ என்னும் வைரசு கப்பல்களில் பரவுவது அடிக்கடி செய்தியாகும். கையிற் பூசும் மதுசாரத் திரவம் அதனை நன்கு கொல்வதில்லை. சவர்க்காரமும் ஓடும் நீருமே வேண்டும். எட்டிய எதையும் வாயில் வைக்கும் வயதில் கைகழுவல் யாருக்கு? எந்த வயதிலே போனாலும் பெட்டியில் நாலைந்து ஜீவனிப் பொதிகள் இருக்கட்டும்.

மிதவை அங்கியைப் பற்றியும் ஒரு சொல். சர்வதேச விதிப்படி பிரயாணிகள் கப்பலில் சிறுவர்க்கான அங்கிகள் பிரயாணிகளின் தொகையில் நூற்றுக்குப் 10 வீதத்துக்குக் குறையாமலும், ஒரு நாளோ அதற்கு மேலோ நீளும் பிரயாணமாயின் சிசுக்களுக்கானவை ஏறியுள்ள ஒவ்வொரு சிசுவுக்கும் ஒன்றாகவும் இருக்க வேண்டும். 15 கிலோவுக்குட்பட்ட குழந்தைக்குரியது சிசு அங்கி. அது உங்கள் அறைக்குத் தானாக வந்து சேரும் என்று எண்ணியிராமல் ஏறியவுடன் கேட்டு வாங்கி, ஒருமுறை அணிவித்தும் பார்க்க வேண்டும். 2012 ஆம் ஆண்டில் இத்தாலிக் கரையில் 'கொஸ்டா கொன்கோர்டியா' சரிந்த பின்னர், புறப்படுமுன்னரோ புறப்பட்ட உடனேயோ அபாயப் பயிற்சி நடத்த வேண்டும் என்று விதி இறுக்கப்பட்டது. குழந்தை தூங்குகிறது என்று சொல்லி அதற்குச் செல்லாதிருப்பது பெரும் பிழை.

எனில் எப்பொழுது போகலாம்? மூன்றரை, நான்கு வயதில் என்போம். இரண்டாம் எம்.எம்.ஆர். ஊசியும் போட்டாயிற்று, சொன்னது விளங்கும், கழிவறைப் பழக்கம் வந்துவிட்டது, சிறுவர் கூடமும் திறந்திருக்கும். இவை எல்லாவற்றிலும் மேலாக, பார்த்தது மனத்தில் நிற்கத் தொடங்கும் வயதும் அதுவே. வளர்ந்தவர்களைக் கேட்டு ஆராய்ந்தவர்கள், மனிதரின் மிகப் பழைய நினைவு பெரும்பாலும் மூன்று, மூன்றரை வயதளவில்தான் தொடங்குகிறது என்கிறார்கள். 1912 ஆம் ஆண்டில் மூழ்கிய 'டைட்டானிக்' கப்பலின் மிக இளைய பிரயாணி மில்வினா டீன், அப்பொழுது இரண்டு மாதக் குழந்தை. அக்கப்பலில் உயிர் தப்பியவர்களுள் கடைசியாக எஞ்சி, 2009 ஆம் ஆண்டு மே மாதம் 97 ஆவது வயதில் காலமானவரும் அவரே. உலகமெல்லாம் அவரிடம் அந்த இரவைப் பற்றிக் கேட்டது. அவருக்கு அதில் ஒன்றும் நினைவில்லை. தாய் சொல்லக் கேட்டதே அவர் அறிந்தது; தந்தை அந்தக் கடலிலேயே போய்விட்டார்.

இனி, அந்தக் கடைசி வரிக்கு வருகிறோம்.

2004 இல் இலங்கையில் மிகுதியான உயிர்களைப் பறிகொடுத்தது அம்பாறை மாவட்டம், பத்தாயிரத்துக்கு மேல். கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனைக் கரைகளில் அன்று நடந்ததை அங்குள்ளவர்களுக்கு நாம் எடுத்துரைக்க வேண்டியதில்லை. பின்னர் அம்பாறைக் கரையோர அகதி முகாம்களில் ஆராய்ந்தவர்கள், பெரியோரிலும் பன்மடங்கு வீதத்தில் இறந்தவர்கள் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளே என்று கண்டனர். ஓடத் தெரியாத கால். பிறர் கையையே நம்பிய உயிர். அந்த உம்மாவுக்கு இதை எந்த ஆய்வும் சொல்லத் தேவையில்லை.

மருமகன் கெட்டிக்காரராயிருப்பின், "மாமி, ஆழ்கடலில் சுனாமி கப்பலை ஒன்றும் செய்யாது" என்று விளக்கலாம். அது மெய்தான். ஆழ்கடலில் அந்த அலை பெரும்பாலும் ஒரு மீற்றர் உயரம்கூட எழாது அடியிற் போய்விடும். மேலே மிதக்கும் கப்பல் அதை அறியவே அறியாது. கரையை நெருங்கியே அது மலையாகிறது. ஆனால் இதைச் சொல்லி உம்மாவை வாயடைக்கச் செய்ய வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறோம். அவர் அஞ்சுவது கப்பலையன்று. இரண்டு வயதுப் பெண்பிள்ளை ஒருத்தி கையை விட்டுப் போவதை. பேத்தி அந்த வயதை நெருங்குகிறாள். அவர்கள் கப்பலேற எண்ணியிருப்பதும் டிசம்பரில். இந்தக் கணக்கு வீட்டில் வேறு எவருக்கும் தோன்றாமலிருந்திருக்கலாம். அவருக்குத் தோன்றாமலிராது. அவரிடம் மறைத்துப் பிரயாணச்சீட்டு எடுப்பது பற்றியும் சகோதரி சாடையாக எழுதியிருந்தார், அது வேண்டாம்.

கணவரின் பக்கத்தையும் பார்க்க வேண்டும். மகள் முதல் அடி எடுத்து வைத்ததைத் தொலைபேசித் திரையிற் பார்த்தவராம் அவர். கப்பல் வேண்டும் என்று அவர் கேட்பதை நாம் ஆடம்பரமென்று எண்ணவில்லை. அவர் கேட்பது மகளோடு ஏழு நாட்கள். வேலைக்கு ஓடாமல், உறவினர் வந்து பங்கு கேட்காமல், நாலு சுவருக்குள் ஏழு நாட்கள். அதற்கு அவருக்குக் கிடைத்த பெயர் கப்பல். இதை மனைவி அவரிடமே கேட்டுப் பார்க்கலாம். நம் ஊகம் தவறாகவும் இருக்கலாம்.

தவறில்லையாயின், இந்தமுறை அவரே ஊர் வருவது நன்று. கப்பலுக்குச் சேர்த்த பணம் இரண்டரை ஆண்டு பொறுத்திருக்கட்டும். மகள் நான்கை எட்டும்போது மூவரும் ஏறட்டும். உம்மாவுக்கும் ஒரு சீட்டு எடுத்துக் கேட்டுப் பார்க்கட்டும். வரமாட்டேன் என்றால் வற்புறுத்தலாகாது. இடையில், கிழக்கே கடல் அடங்கியிருக்கும் சித்திரை, வைகாசியில் மட்டக்களப்பு வாவியில் அரைமணி நேரம் தோணியில் வைத்துக்கொண்டு போய் வரலாம்; மிதவை அங்கி அணிவித்துத்தான். பிள்ளைக்குத் தண்ணீர் பிடிக்கிறதா என்பதும் அதிலே தெரிந்துவிடும்.

டிசம்பரில் நம் கரையில் மாரி. மழை விடாது, கடல் இரையும். வெளியே போவதற்குப் பெரிதாக ஒன்றும் இராது. ஆனால் மகளுக்கு அந்த மாதம் 18 மாதத்து முக்கூட்டு ஊசியும் போலியோச் சொட்டு மருந்தும் இருக்கின்றன. மருத்துவிச்சி அட்டையில் குறித்திருப்பார். சகோதரி திகதியை ஒருமுறை பார்த்துக்கொள்ளட்டும். குடையைப் பிடித்துக்கொண்டு பிள்ளையை வாப்பாவே கிளினிக்குக்குத் தூக்கிச் செல்லட்டும். அன்றிரவு சற்றுக் காய்ச்சல் காயும், தோளைவிட்டு இறங்கமாட்டாள்.